எல்லை தாண்டியதை ஆங்கிலத்தில் சொல்ல: ‘டூ’வும் அதன் உறவுச் சொற்களும்

சாம்பாரில் உப்பு கொஞ்சம் கூடினால் ‘தூக்கலா இருக்கு’ என்கிறோம். இன்னும் கூடினால் ‘கரிக்குது’. பாயசத்தில் இனிப்பு மிஞ்சினால் ‘திகட்டுது’. சாதம் பதம் தாண்டி வெந்தால் ‘குழைஞ்சு போச்சு’. சட்டை பெரிதானால் ‘தொளதொளன்னு இருக்கு’, சிறிதானால் ‘பிடிக்குது’. ஒவ்வொரு மீறலுக்கும் தமிழில் தனித்தனிச் சொல் இருக்கிறது. ஆங்கிலத்தில் பேசும்போது இந்த வசதி கிடையாது. அங்கே இவ்வளவு வேலையையும் பெரும்பாலும் ஒரே ஒரு குட்டிச் சொல் சுமக்கிறது: டூ. அதை வைக்கவேண்டிய இடத்தில் வைத்தால் பேச்சு தெளிவாகும். இடம் மாறினால் பாராட்டு குறையாகக் கேட்கும், எச்சரிக்கை எதிர்ப்பொருளில் போய்ச் சேரும்.

படிக்கும் முன்

ஆங்கில வாக்கியங்களை இங்கே தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டுச் சொல்லிப் படியுங்கள். நெடிலாக ‘டூ’ என்று வந்தால் அது அளவு மீறல். குறிலாக ‘டு’ என்று வந்தால் அது வினைக்கு முன்னால் வரும் சாதாரண ‘டு’. ஆங்கிலத்தில் எழுதும்போது அளவு மீறலுக்கு ‘டி’க்குப் பின் இரண்டு ‘ஓ’, சாதாரண ‘டு’வுக்கு ஒரே ‘ஓ’. எண் 2-ஐக் குறிக்கும் சொல்லில் நடுவே ‘டபிள்யூ’ வரும். இந்த மூன்றையும் மாற்றி எழுதுவது படித்தவர்கள் கடிதத்திலும் சர்வசாதாரணம். அனுப்புவதற்கு முன் இதை மட்டுமாவது ஒருமுறை சரிபாருங்கள்.

முதல் வேலை: கோடு எங்கே என்று பாருங்கள்

தொல்லைக்கு மூலம் நம்முடைய ‘ரொம்ப’. ‘காபி ரொம்ப சூடு’ என்றால் ஆவி பறக்க நன்றாக இருக்கிறது என்றும் பொருள். வாயில் வைக்க முடியவில்லை என்றும் பொருள். சொல்பவர் முகத்தைப் பார்த்து நாம் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலம் இந்த இரண்டையும் பிரித்துவிடுகிறது. முதலாவது ‘வெரி ஹாட்’. இரண்டாவது ‘டூ ஹாட்’. யாழ்ப்பாண வாசகர்களுக்கு இந்தப் பிரிவு பேச்சிலேயே இருக்கிறது: ‘சரியான சூடு’ என்பது ‘வெரி’, ‘சூடு கூடிப்போச்சு’ என்பது ‘டூ’.

எதைச் சொல்வது என்று சந்தேகம் வந்தால் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: எதற்கு அதிகம்? குடிப்பதற்கு, வாங்குவதற்கு, எனக்கு, இந்த அறைக்கு என்று ஏதாவது ஒரு பதில் உடனே வந்தால் ‘டூ’. பதில் வரவில்லையென்றால் ‘வெரி’. இந்த அத்தியாயத்தில் வேறு எதை மறந்தாலும் இந்தக் கேள்வியை மறக்காதீர்கள். இலக்கண விதிகளில் பாதி இதற்குள் அடங்கிவிடும்.

துணிக்கடையில் நின்று பாருங்கள். ‘திஸ் சாரி இஸ் வெரி எக்ஸ்பென்சிவ்’ என்றால் சேலையின் விலை உயர்வு, அவ்வளவுதான். அடுத்த நிமிடம் நீங்களே அதை வாங்கவும் செய்யலாம். ‘திஸ் சாரி இஸ் டூ எக்ஸ்பென்சிவ்’ என்றால் என் பணத்துக்கு இது எட்டாது, வேண்டாம் என்று பொருள். இதைக் கேட்ட கடைக்காரர் விலையைக் குறைத்துப் பேசுவார், அல்லது வேறு சேலையை எடுத்துப் போடுவார்.

அதிகம் நடக்கும் தவறு: பாராட்டில் ‘டூ’

‘யுவர் டாட்டர் இஸ் டூ இன்டெலிஜென்ட்.’ மனமார வாழ்த்திச் சொன்ன வாக்கியம்தான். ஆனால் ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர் காதில், உங்கள் மகள் தேவைக்கு மேல் புத்திசாலி, அதனால் ஏதோ சிக்கல் என்று விழும். ‘டூ இன்டெலிஜென்ட் டு…’ என்று இழுத்து, அடுத்து என்ன வரப்போகிறது என்று காத்திருப்பார். ‘தி ஃபுட் வாஸ் டூ டேஸ்ட்டி’, ‘யுவர் ஹவுஸ் இஸ் டூ பியூட்டிஃபுல்’ எல்லாம் இதே வகை. இங்கெல்லாம் ‘வெரி’ அல்லது ‘ரியலி’ போடுங்கள்: ‘யுவர் டாட்டர் இஸ் வெரி இன்டெலிஜென்ட்’, ‘தி ஃபுட் வாஸ் ரியலி டேஸ்ட்டி’.

நம் ஊர் இளைஞர்கள் ‘டூ குட்!’ என்று தட்டிக்கொடுத்துக்கொள்கிறார்கள். நண்பர்களுக்குள் அது செல்லுபடியாகும். நேர்முகத் தேர்விலும் வெளிநாட்டு வாடிக்கையாளரிடமும் வேண்டாம். ‘யூ ஆர் டூ கைண்ட்’ மட்டும் விதிவிலக்கு. ‘என் தகுதிக்கு மீறிய அன்பு காட்டுகிறீர்கள்’ என்ற பணிவு அதில் இருக்கிறது. அதை அப்படியே பயன்படுத்தலாம்.

வாக்கியம் கட்டும் வரிசை

1. அடிப்படையை நிறுத்துங்கள். பொருள், ‘இஸ்’ அல்லது ‘ஆர்’, ‘டூ’, பண்புச் சொல் என்ற வரிசை. ‘தி டீ இஸ் டூ ஹாட்.’ ‘தி ஷூஸ் ஆர் டூ டைட்.’ ‘டூ’ எப்போதும் பண்புச் சொல்லுக்கு ஒட்டி முன்னால் நிற்கும். வினை எப்படி நடந்தது என்று சொல்லும் சொல்லுக்கும் அப்படியே: ‘ஹி டிரைவ்ஸ் டூ ஃபாஸ்ட்.’

2. யாருக்கு என்று சேருங்கள். ‘தி ஷூஸ் ஆர் டூ டைட் ஃபார் மீ.’ உங்களுக்குப் பிடிக்கிற காலணி தம்பிக்குச் சரியாக இருக்கலாம். ‘ஃபார் மீ’ சேர்த்தால் குறை பொருளின் மேல் விழாது. கடையிலும் விருந்திலும் இது மரியாதையான பேச்சு. ‘இட் இஸ் எ லிட்டில் டூ ஸ்பைசி ஃபார் மீ’ என்றால் சமைத்தவர் மனம் நோகாது.

3. எதற்கு என்று சேருங்கள். ‘டு’ போட்டு வினையைச் சொல்லுங்கள். ‘ஷி இஸ் டூ டயர்ட் டு குக்.’ சமைக்க முடியாத அளவுக்குக் களைப்பு. கவனியுங்கள், ‘முடியாத’ என்பது ‘டூ’வுக்குள்ளேயே அடங்கிவிட்டது. தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் பேசுகிறவர்கள் அந்த ‘முடியாத’வுக்காக ஒரு ‘நாட்’ செருகிவிடுகிறார்கள்: ‘டூ டயர்ட் டு நாட் குக்.’ அந்த ‘நாட்’டை எடுத்துவிடுங்கள்.

4. கடைசியில் ‘இட்’ தொங்குகிறதா பாருங்கள். ‘தி பாக்ஸ் இஸ் டூ ஹெவி டு லிஃப்ட்.’ இங்கேயே நிறுத்துங்கள். ‘டு லிஃப்ட் இட்’ என்று நீட்ட வேண்டாம். பெட்டியை வாக்கியத்தின் தொடக்கத்திலேயே சொல்லியாயிற்று.

5. எவ்வளவு மீறியது என்று காட்டுங்கள். ‘டூ’வுக்கு முன்னால் அளவுச் சொல் ஒன்றை வைக்கலாம். சற்றே என்றால் ‘எ பிட் டூ’, ‘எ லிட்டில் டூ’, ‘ஸ்லைட்லி டூ’. மிகவும் என்றால் ‘மச் டூ’, அல்லது தொலைவு என்று பொருள்படும் ‘ஃபார்’ சேர்த்து ‘ஃபார் டூ’. நண்பர்களிடம் ‘வே டூ’. அலுவலகக் கடிதத்தில் இது வேண்டாம். நம் சமையலறைச் சொற்களை இதில் பொருத்திப் பார்க்கலாம்: ‘உப்பு தூக்கல்’ என்பது ‘எ பிட் டூ சால்ட்டி’, ‘கரிக்குது’ என்பது ‘ஃபார் டூ சால்ட்டி’. ‘வெரி டூ’, ‘டூ வெரி’, ‘ஸோ டூ’ என்று ஆங்கிலத்தில் கிடையாது.

6. ஒருமுறை சத்தமாகச் சொல்லுங்கள். ‘டூ’வை அழுத்திச் சொல்ல வேண்டும், ‘டு’வை விழுங்கிச் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் ஒரே அழுத்தம் கொடுத்தால் கேட்பவர் தடுமாறுவார்.

*குறிப்பு:* மேலதிகாரியிடம் ‘தி டெட்லைன் இஸ் டூ ஷார்ட்’ என்றால் அவர் திட்டத்தையே குறைசொன்னதாகிவிடும். ‘தி டெட்லைன் மே பி எ லிட்டில் டூ ஷார்ட் ஃபார் திஸ் ஒர்க்’ என்று சொல்லுங்கள். வரிசை 2-உம் 5-உம் சேர்ந்தால் கிடைக்கும் பணிவு இது. பேச்சு தணிகிறது, கோரிக்கை அப்படியே நிற்கிறது.

பள்ளித் தேர்வில் வரும் ‘ஸோ… தட்’

‘டூ’வை நீக்கி எழுதுக என்ற கேள்வியைச் சந்திக்காமல் தமிழ்நாட்டில் பள்ளி முடித்தவர் குறைவு. ரென் அண்ட் மார்ட்டின் இலக்கண நூலில் வாக்கிய மாற்றப் பாடமே இதில்தான் தொடங்குகிறது. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இப்படிச் சொல்லிக்கொடுங்கள்:

‘தி பாக்ஸ் இஸ் டூ ஹெவி டு லிஃப்ட்’ என்பதை மாற்றினால், ‘தி பாக்ஸ் இஸ் ஸோ ஹெவி தட் ஐ கேனாட் லிஃப்ட் இட்.’

‘டூ’ போனதும் மூன்று விஷயங்கள் வெளியே வர வேண்டும். தூக்குகிறவர் யார் என்பது வர வேண்டும், இங்கே அது ‘ஐ’. உள்ளே மறைந்திருந்த ‘நாட்’ வர வேண்டும். மேலே நாம் வெட்டிய ‘இட்’டும் திரும்பி வர வேண்டும். காலத்தையும் பாருங்கள். ‘ஹி வாஸ் டூ வீக் டு வாக்’ என்றால் ‘ஹி வாஸ் ஸோ வீக் தட் ஹி குட் நாட் வாக்.’ ‘வாஸ்’ வந்த வாக்கியத்தில் ‘கேனாட்’ எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் நிறைய.

‘எனஃப்’ இதற்கு எதிர்ப்பக்கம். இந்தியாவில் கார் ஓட்டுநர் உரிமம் பெற 18 வயது நிரம்ப வேண்டும். கோடு அங்கே இருக்கிறது. 16 வயதுப் பையனைப் பற்றி ‘ஹி இஸ் டூ யங் டு டிரைவ் எ கார்’ என்றும் சொல்லலாம், ‘ஹி இஸ் நாட் ஓல்ட் எனஃப் டு டிரைவ் எ கார்’ என்றும் சொல்லலாம். ‘டூ’ பண்புச் சொல்லுக்கு முன்னால், ‘எனஃப்’ பின்னால். ‘எனஃப் ஓல்ட்’ என்று புரட்டிவிடாதீர்கள்.

‘டூ மச்’, ‘டூ மெனி’, ‘மச் டூ’

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ‘டூ மச் ஹாட்’, ‘டூ மச் காஸ்ட்லி’ என்று பேசுவது நம் ஊரில் எங்கும் கேட்கிறது. பண்புச் சொல்லுக்கு முன் ‘டூ மச்’ வராது. ‘டூ ஹாட்’ போதும். அழுத்த வேண்டுமானால் சொற்களைத் திருப்பிப் போடுங்கள்: ‘மச் டூ ஹாட்’.

‘டூ மச்’சுக்கு உரிய இடம் பெயர்ச்சொல்லுக்கு முன்னால். எண்ண முடியாததற்கு ‘டூ மச்’: ‘டூ மச் சால்ட்’, ‘டூ மச் நாய்ஸ்’, ‘டூ மச் ஒர்க்’. எண்ணக்கூடியதற்கு ‘டூ மெனி’: ‘டூ மெனி பீப்பிள்’, ‘டூ மெனி மிஸ்டேக்ஸ்’. பணம் எண்ணக்கூடியதுதானே என்று கேட்பீர்கள். ரூபாயை எண்ணலாம், ‘மணி’ என்ற சொல்லை ஆங்கிலம் எண்ணாது. அதனால் ‘டூ மச் மணி’, ஆனால் ‘டூ மெனி ருபீஸ்’.

வினைக்குப் பின்னாலும் ‘டூ மச்’ வரும்: ‘ஹி டாக்ஸ் டூ மச்.’ இதில் ‘மச்’சை விட்டுவிட்டால் பொருளே மாறிவிடும். ‘ஹி டாக்ஸ் டூ’ என்றால் ‘அவனும் பேசுகிறான்’ என்று ஆகிவிடும். ‘டூ’வுக்கு ‘உம்’ என்ற இன்னொரு பொருள் இருக்கிறது. ‘ஐ ஈட் டூ’ என்றால் நானும் சாப்பிடுகிறேன். ‘ஐ ஈட் டூ மச்’ என்றால் அளவு மீறிச் சாப்பிடுகிறேன். மருத்துவர் முன்னால் இந்த ஒரு சொல் விடுபட்டால் அவருக்கு உங்கள் சிக்கலே தெரியாமல் போகும்.

மீறல் குறைவின் பக்கமும் உண்டு. வேண்டியதைவிடக் குறைவாக இருந்தால் ‘டூ லிட்டில் வாட்டர்’, ‘டூ ஃபியூ சேர்ஸ்’.

‘ஓவர்’: தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று

‘ரொம்ப ஓவரா போறான்’, ‘ஓவரா பண்ணாதே’ என்று தமிழுக்குள்ளேயே ‘ஓவர்’ குடியேறிவிட்டது. அதையே ஆங்கிலத்துக்குத் திருப்பி எடுத்துப்போய் ‘ஹி இஸ் டாக்கிங் ஓவர்’ என்றால் புரியாது. ‘ஹி இஸ் டாக்கிங் டூ மச்’ அல்லது ‘ஹி இஸ் கோயிங் டூ ஃபார்’ என்று சொல்ல வேண்டும். இரண்டாவதுதான் நம் ‘ஓவரா போறான்’ என்பதற்கு மிக நெருக்கம். அதில் வருவதும் தொலைவைக் குறிக்கும் ‘ஃபார்’தான்.

ஆங்கிலத்தில் ‘ஓவர்’ தனியாக நில்லாமல் வினையின் தலையில் ஒட்டிக்கொள்கிறது. சாதம் குழைந்தால் ‘ஓவர்குக்ட்’. கூடுதல் காசு வாங்கினால் ‘ஓவர்சார்ஜ்ட்’. விழிக்க வேண்டிய நேரம் தாண்டித் தூங்கினால் ‘ஓவர்ஸ்லெப்ட்’. தேவைக்கு மேல் கொந்தளித்தால் ‘ஓவர்ரியாக்ட்’. ஆட்டோவில் பன்னிரண்டு பிள்ளைகளை ஏற்றினால் ‘ஓவர்லோடட்’. ‘தி ஆட்டோ டிரைவர் ஓவர்சார்ஜ்ட் மீ’ என்ற ஐந்து சொல் வாக்கியம், ‘ஹி டுக் டூ மச் மணி ஃப்ரம் மீ’ என்பதைவிடச் சுருக்கம், புகாருக்கும் பொருத்தம்.

ஆனால் ‘ஓவர்’ ஒட்டிய எல்லாச் சொல்லும் மீறலைச் சொல்லாது. பொதுப்பணித் துறை ‘ஓவர்சியர்’ மேற்பார்வை செய்பவர். ‘ஓவர்லுக்’ என்றால் கவனிக்காமல் விடுவது. ‘ஓவர்ஹியர்’ என்றால் பிறர் பேச்சு தற்செயலாகக் காதில் விழுவது. ‘ஓவர்கம்’ என்றால் வெல்வது. புதிதாக ஒரு ‘ஓவர்’ சொல்லைச் சந்தித்தால் அகராதியைப் பார்க்காமல் பொருள் கொள்ளாதீர்கள்.

*குறிப்பு:* ஏற்கெனவே மீறலைச் சொல்லும் சொல்லின் முன் மறுபடி ‘டூ’ போட வேண்டாம். ‘டூ ஓவர்குக்ட்’, ‘டூ எக்ஸஸிவ்’ இரண்டிலும் ‘டூ’ மிகை.

எழுத்தில் வரும் பெரிய சொற்கள்

‘எக்ஸஸிவ்லி’, ‘ஓவர்லி’, ‘அன்ட்யூலி’, ‘இனார்டினேட்லி’. நான்குமே அளவு மீறியதைத்தான் சொல்கின்றன. நான்கும் கோட்டும் டையும் அணிந்த சொற்கள். டீக்கடையில் ‘திஸ் டீ இஸ் எக்ஸஸிவ்லி ஹாட்’ என்றால் ஆய்வறிக்கை வாசிப்பதுபோல இருக்கும்.

‘எக்ஸஸிவ்லி’ அளக்கக்கூடியவற்றோடு நன்றாகச் சேரும். ‘எக்ஸஸிவ்லி ஹை’, ‘எக்ஸஸிவ்லி லாங்’. வினையோடும் வரும்: ‘ஹி ஸ்வெட்ஸ் எக்ஸஸிவ்லி.’ ‘ஓவர்லி’ மனப்போக்கைச் சொல்லும் சொற்களோடு பொருந்தும்: ‘ஓவர்லி சென்சிட்டிவ்’, ‘ஓவர்லி ஆப்டிமிஸ்டிக்’. இதை அமெரிக்க வழக்கு என்று விரும்பாத பிரிட்டிஷ் எழுத்தாளர்கள் உண்டு. ஐயம் வந்தால் ‘டூ’ எங்கும் செல்லும்.

‘அன்ட்யூலி’யில் நியாயமற்ற என்ற சாயல் இருக்கிறது. ‘அன்ட்யூலி ஹார்ஷ்’ என்றால் நியாயம் தாண்டிய கடுமை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 16-ஆம் பிரிவில் ‘அன்ட்யூ இன்ஃப்ளூயன்ஸ்’ என்று பேசுகிறது. ஒருவர் தன் மேலான நிலையைத் தவறாகப் பயன்படுத்தி மற்றவரைக் கையெழுத்திட வைப்பதைத்தான் அது குறிக்கிறது. அந்தச் சட்ட நெடி ‘அன்ட்யூலி’யிலும் வீசும். அதனால் பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதும் கடிதத்தில் இதைப் போடும் முன் யோசியுங்கள். ‘இனார்டினேட்லி’ பெரும்பாலும் காலத்தோடு வரும்: ‘அன் இனார்டினேட்லி லாங் டிலே’. நீதிமன்றத்தின் ‘இனார்டினேட் டிலே’ பலருக்கும் பழகிய தொடர்.

இவற்றுக்கும் ‘டூ’வுக்கும் நடைமுறையில் இரண்டு வேறுபாடுகள் உண்டு. ஒன்று, இவற்றின் பின்னால் ‘டு’ போட்டு வினையைத் தொங்கவிட முடியாது. ‘டூ டயர்ட் டு குக்’ சரி, ‘ஓவர்லி டயர்ட் டு குக்’ தவறு. மற்றது, பெயர்ச்சொல்லுக்கு முன்னால் இவை சுலபமாக உட்காரும், ‘டூ’ உட்காராது. ‘அன் ஓவர்லி லாங் லெட்டர்’ சரி, ‘எ டூ லாங் லெட்டர்’ ஆகாது. ‘டூ’ வைத்தே சொல்ல வேண்டுமானால் ‘எ’யை நடுவே தள்ளுங்கள்: ‘டூ லாங் எ லெட்டர்’, ‘டூ பிக் எ ரிஸ்க்’.

புகார்க் கடிதத்துக்கு ஒரு யோசனை. ‘எக்ஸஸிவ்’ என்பது தீர்ப்பு. தீர்ப்பு சொன்னால் எதிராளி வாதாடத் தொடங்குவார். முதலில் எண்களைக் கொடுங்கள், பிறகு மென்மையான சொல்லைப் போடுங்கள். மின்கட்டணம் தாறுமாறாக வந்திருந்தால் இந்த வரிசையில் எழுதலாம்:

1. ‘தி பில் ஃபார் மார்ச் அண்ட் ஏப்ரல் இஸ் ரூ. 6,840.’
2. ‘அவர் யூஷுவல் பில் இஸ் அபௌட் ரூ. 2,300.’
3. ‘திஸ் இஸ் அன்யூஷுவலி ஹை.’
4. ‘ப்ளீஸ் செக் தி மீட்டர்.’

‘அன்யூஷுவலி ஹை’ என்றால் வழக்கத்தைவிட அதிகம். யாரையும் குற்றம் சாட்டவில்லை. கோடு எங்கே இருந்தது என்பதை உங்கள் 2,300 ரூபாயே சொல்லிவிடுகிறது. ‘எக்ஸஸிவ்’ என்ற சொல்லை இரண்டாவது கடிதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எச்சரிக்கை: தலைகீழாகப் புரியும் தொடர்கள்

இந்தப் பகுதியை அவசரமாகப் புரட்டாதீர்கள். பாதுகாப்பு அறிவுரைகளில் இவை வருகின்றன.

‘யூ கேனாட் பி டூ கேர்ஃபுல் வித் கேஸ்.’ சொல்லுக்குச் சொல் பார்த்தால், எரிவாயு விஷயத்தில் அளவுக்கு மீறிக் கவனமாக இருக்கக் கூடாது என்று தோன்றும். உண்மைப் பொருள் நேர் எதிர்: எவ்வளவு கவனமாக இருந்தாலும் அது அதிகம் ஆகாது. இங்கே கோடே கிடையாது, தாண்ட முடியாது என்கிறது வாக்கியம். ‘தி டேஞ்சர் கேனாட் பி ஓவர்எஸ்டிமேட்டட்’ என்பதும் அப்படியே. ஆபத்தை எவ்வளவு பெரிதாகக் கணக்கிட்டாலும் மிகையாகாது என்று பொருள். ‘கேனாட்’டும் ‘டூ’வும், அல்லது ‘கேனாட்’டும் ‘ஓவர்’உம் ஒரே வாக்கியத்தில் கண்டால் நின்று நிதானமாகப் படியுங்கள்.

‘ஒன்லி டூ ஹேப்பி டு ஹெல்ப்’ என்றால் மிக்க மகிழ்ச்சியோடு உதவுகிறேன் என்று பொருள். அளவு மீறல் இதில் இல்லை. ‘ஆல் டூ ஆஃபன்’ என்றால் வருந்தத்தக்க விதத்தில் அடிக்கடி. ‘நன் டூ க்ளீன்’ என்றால் சுத்தமாகவே இல்லை. ‘நாட் டூ பேட்’ என்றால் பரவாயில்லை. ‘டூ குட் டு பி ட்ரூ’ என்றால் நம்ப முடியாத அளவுக்கு நல்லதாக இருக்கிறது, ஆகவே சந்தேகப்படு. வெளிநாட்டு வேலை தருவதாக வரும் மின்னஞ்சலைப் பார்த்து நண்பர் ஒருவர் இப்படிச் சொன்னால், பணம் கட்டாதே என்கிறார்.

மருத்துவமனையிலும் இயந்திரத்தின் முன்னாலும்

வலியைச் சொல்லும்போது ‘டூ மச் பெயின்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். எல்லாருக்கும் எல்லா வலியும் ‘டூ மச்’தான். மருத்துவருக்கு வேண்டியது கோடு. ‘தி பெயின் இஸ் டூ பேட் டு ஸ்லீப்’ என்றால் தூங்க முடியவில்லை என்று அவருக்குத் தெரியும். ‘இட் இஸ் டூ பெயின்ஃபுல் டு பெண்ட் மை நீ’ என்றால் முட்டியை மடக்க முடியவில்லை என்று தெரியும். மேலே சொன்ன வரிசை 3 இங்கே உயிர்காக்கும் தகவல் ஆகிறது.

வீட்டில் யாராவது மாத்திரையை அளவு மீறி விழுங்கிவிட்டால் ‘மெனி டேப்லெட்ஸ்’ என்று சொல்லாதீர்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்ததே நிறைய மாத்திரைகளாக இருக்கலாம். ‘ஷி ஹாஸ் டேக்கன் டூ மெனி டேப்லெட்ஸ்’ என்று சொல்லி, மாத்திரையின் பெயரையும், எத்தனை, எப்போது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 108-ஐ அழைத்துத் தமிழிலேயே பேசலாம். அமெரிக்காவில் 911, பிரிட்டனில் 999. அங்கே இந்த வாக்கியம் ஆங்கிலத்தில் தடுமாறாமல் வர வேண்டும். வெளிநாட்டில் பிள்ளைகளோடு இருக்கும் பெற்றோர் இதை எழுதி, தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

அறுவைச் சிகிச்சைக்குப் பின் தரும் தாளில் ‘எக்ஸஸிவ் ப்ளீடிங்’ கண்டால் வரச்சொல்லி எழுதியிருப்பார்கள். கொஞ்சம் கசிவது இயல்பு, அதைத் தாண்டினால் வா என்பது அதன் பொருள். அந்தக் கோடு தாளில் இருக்காது. வீடு திரும்பும் முன் கேட்டுவிடுங்கள்: ‘டாக்டர், ஹவ் மச் இஸ் டூ மச்?’ எவ்வளவானால் அதிகம் என்று கேட்கும் இந்த ஐந்து சொல் கேள்வி, மருந்து, உப்பு, உடற்பயிற்சி, காய்ச்சல் எதற்கும் பொருந்தும்.

இயந்திரக் கையேடுகளில் ‘செய்யாதே’ என்று பொருள்படும் ‘டு நாட்’டோடு ‘ஓவர்’ வரும். ‘டு நாட் ஓவர்ஃபில்’ என்றால் குறித்த கோட்டுக்கு மேல் ஊற்றாதே. ‘டு நாட் ஓவர்டைட்டன்’ என்றால் இறுக்கு, ஆனால் மீறி இறுக்காதே. இதை ‘இறுக்காதே’ என்று படித்துவிட்டால் திருகாணி கழன்று விழும். ‘ஓவர்’ ஒட்டியிருக்கும் தடை, செயலைத் தடுப்பதில்லை, எல்லை தாண்டுவதைத் தடுக்கிறது.

பயிற்சி

கீழே உள்ளவற்றை ஆங்கிலத்தில் சொல்லுங்கள். விடையைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள்.

1. உங்கள் வீடு ரொம்ப அழகா இருக்கு.
2. இந்தச் சட்டை எனக்குக் கொஞ்சம் பிடிக்குது.
3. பால் குடிக்க முடியாத அளவு சூடு.
4. பேருந்தில் ஏற முடியாத அளவு கூட்டம்.
5. அவர் அளவுக்கு மீறிப் பேசுகிறார்.
6. சாதம் குழைஞ்சு போச்சு.
7. மின்சாரம் விஷயத்தில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் தகும்.

விடைகள்: (1) யுவர் ஹவுஸ் இஸ் வெரி பியூட்டிஃபுல். (2) திஸ் ஷர்ட் இஸ் எ பிட் டூ டைட் ஃபார் மீ. (3) தி மில்க் இஸ் டூ ஹாட் டு டிரிங்க். (4) தி பஸ் இஸ் டூ க்ரவுடட் டு கெட் ஆன். (5) ஹி டாக்ஸ் டூ மச். (6) தி ரைஸ் இஸ் ஓவர்குக்ட். (7) யூ கேனாட் பி டூ கேர்ஃபுல் வித் எலெக்ட்ரிசிட்டி.

மூன்றாவதில் ‘இட்’ சேர்த்தவர்கள் வரிசை 4-ஐயும், ஐந்தாவதில் ‘ஓவர்’ என்று தொடங்கியவர்கள் அந்தப் பகுதியையும் இன்னொரு முறை வாய்விட்டுப் படியுங்கள். ஏழாவது தவறியிருந்தால் எச்சரிக்கைப் பகுதியை முழுதாகப் படித்துவிட்டு, பிறகு அடுத்த அத்தியாயத்துக்குப் போங்கள்.